பிளீச் வாளியும் உன் அப்பாவின் இடமும்

அன்பு மகள் மாரிட்டுக்கு, அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோக்காரனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. ஓகினாவாவில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ராணுவ ஆஸ்பத்திரி வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, போனில் பார்த்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது, அதைச் சொன்னால் கேமரா சரியில்லை என்கிறாய். சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோமடி! வாஷிங்டன்காரர்கள் நம் மேட்டிலுள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தைப் பாஸ் பண்ணிவிட்டார்கள், புதுப் பகுதிக்கான மானியமும் செவ்வாய்க்கிழமை உறுதியாகிவிட்டது. உன் அப்பாவுக்கு நம் மேட்டிலேயே இடம் கிடைத்துவிட்டது.

போன வருஷம் நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று பயம். உன் அப்பா கடைசி நாட்களில் என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும். "ஆர்டிஸ், என்னை ஏழு மணி நேரம் வண்டியில உருட்டிக்கிட்டுப் போயி முன்னப்பின்ன தெரியாதவங்க நடுவுல படுக்க வைக்காதே, நம்ம மேட்டுலயே வை, அங்கேருந்து கோதுமைக் கிடங்கு தெரியும், நம்ம பசங்க எல்லாம் அங்கதான் கிடக்கறாங்க" என்றார். நான் சரி என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடுவதற்கும் மேட்டில் கடைசி இடம் நிரம்புவதற்கும் சரியாக இருந்தது. அதனால்தான் இரண்டு குளிர்காலமாக மனிதர் சாம்பல் ஜாடிக்குள், சமையலறையில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து பேஸ்பால் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதுப் பகுதி கட்ட மத்திய அரசு பணம் தந்தால்தான் உண்டு. அவர்களோ, இருக்கிற கல்லறைகளை ஒழுங்காக வைத்திருக்கிறீர்களா என்று ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். அது நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

போன வருஷம் பார்க்க வந்தது பெல்ட்ரான் என்கிற அம்மாள், தானும் ராணுவத்தில் இருந்தவள், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் நம் சர்ச் பெண்கள் சங்கத்துக்குக் கை சும்மா இருக்குமா? விருந்தாளி வந்தால் கோழிக்கூண்டைக்கூடக் கழுவிவிடுகிற ஊர் இது. டெலோரஸ் தலைமையில் வாளியும் பிளீச்சுமாகக் கிளம்பிவிட்டோம். "நம்ம பசங்க கல்லு பல்லு மாதிரி பளிச்சுனு இருக்கணும், நல்லா அழுத்தித் தேயுங்கடி" என்று அவள் கத்தக் கத்த, பாசி போகாத இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தோம். சாயங்காலம் பார்த்தால் கண் கூசியது, அத்தனை வெள்ளை. மறுநாள் அந்த அம்மாள் ஒரு கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யாரும்மா இதைத் தேச்சது என்று கேட்டாள். பாராட்டப்போகிறாள் என்று நினைத்து டெலோரஸ் முன்னால் போய், "நாங்கதான், பிளீச் போட்டு!" என்றாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பெல்ட்ரான் கண்ணை மூடிக்கொண்டாள். சலவைக்கல்லுக்குப் பிளீச்சும் கம்பியும் விஷமாம், மேல்தோல் உரிந்து எழுத்தே மழுங்கிவிடுமாம், மெத்தென்ற பிரஷும் வெறும் தண்ணீரும்தான் போட வேண்டுமாம். அது போதாதென்று பனியில் மண் உப்பி, பாதிக் கற்கள் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றன. ஒரு வருஷத்தில் சரிசெய்யுங்கள், அதுவரை புதுப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து ஜாடியைப் பார்க்க முடியாமல் துண்டைப் போட்டு மூடிவைத்தேன். தோட்டத்துப் பொறுப்பாளர் ராண்டி, பாவம், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "ஆர்டிஸ் அக்கா, அடுத்த வருஷமும் தவறினா எத்தனை நாளாகுமோ தெரியாது, டுவேன் அண்ணனை அந்தத் தூரத்துத் தோட்டத்துக்கே கொண்டு போயிடலாமே" என்றான். "உன் வேலையைப் பாருடா, இவர் இங்கேருந்து நகரமாட்டாரு" என்று சொல்லி அனுப்பினேன். வாய்தான் அப்படிப் பேசியது, அவன் போனதும் அந்தத் தூரத்துத் தோட்டத்துக்கு வழி தேடி வரைபடத்தை விரித்தேன். டெலோரஸோ வெட்கத்தில் சர்ச்சுக்கே வருவதை நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒரு நாள் லெஃப்ஸா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நேரே என் சமையலறைக்கு வந்தாள். ஜாடி மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "டுவேன், மன்னிச்சுக்கப்பா, உன் இடத்தை நானே தேச்சுத் தொலைச்சுட்டேன்" என்று விக்கி விக்கி அழுதாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து ரொட்டியை ஒன்று விடாமல் தின்றோம்.

இந்த வருஷம் பார்த்திருக்க வேண்டும் நீ! விதைப்பு முடிந்ததோ இல்லையோ, ஊரே மேட்டுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, அடியில் ஜல்லி போட்டு இடித்து, நூல் கட்டி, ரசமட்டம் வைத்து மறுபடி நட்டார்கள். எங்கள் தேய்ப்பில் எழுத்து போன கற்களுக்குப் பதிலாக அரசாங்கமே புதுக்கல் அனுப்பியது. டெலோரஸ் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருகிற ஒவ்வொரு வாளியையும் குனிந்து மோந்து பார்த்துத்தான் விட்டாள். பாதிரியார் வாளியைக்கூட விடவில்லை, "சாமியாரா இருந்தா என்ன, பிளீச் பிளீச்தான்" என்றாள்.

மறுபடி பெல்ட்ரான் வந்த அன்று காற்றென்றால் காற்று, தொப்பி எல்லாம் பக்கத்து மாவட்டத்துக்கே போயிற்று. அந்த அம்மாள் நூலைப் பிடித்துப் பார்த்தாள், மட்டம் வைத்துப் பார்த்தாள், கடைசியில் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வரிசையைப் பார்த்தாள். டெலோரஸ் மட்டும் ஓரிடத்தை விட்டு அசையவே இல்லை. எனக்கு விளங்கவில்லை. படுத்த வாக்கிலேயே அந்த அம்மாள், "கொஞ்சம் நகருங்கம்மா" என்றாள். இவள், "எனக்கு இங்கதான் சௌகரியம்" என்றாள். "எலி வளை மேல நிக்கறது என்ன சௌகரியம்?" என்றாளே பார்க்கலாம்! டெலோரஸ் நகர்ந்தாள். அவள் காலடியில் இத்தனை பெரிய மண்குவியல், காலையில்தான் தோண்டியிருக்கிறது படுபாவி எலி. பெல்ட்ரான் எழுந்து, குவியலை ஒட்டியிருந்த கல்லில் மட்டத்தை வைத்தாள். குமிழ் நட்டநடுவில் நின்றது. "எலிக்கு நான் மார்க் போடறதில்லை, கல்லுக்குத்தான் போடறேன், கல்லு ஜோரா நிக்குது" என்று சொல்லி, பூட்டி வைத்திருந்த சிரிப்பை அப்போதுதான் வெளியில் எடுத்தாள். ராண்டி ஓவென்று கத்தினான், டெலோரஸ் அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள், மாரிட், நான் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது முக்கியமான சேதி. பனி விட்டதும் வேலை தொடங்கி, அடுத்த கோடையில் புதுப் பகுதி தயாராகிவிடுமாம். அங்கே முதல் வரிசையில் முதல் இடம் உன் அப்பாவுக்குத்தான். ராண்டி நேற்று என்னை அழைத்துப்போய், அடையாளத்துக்கு ஒரு முளை அடித்துக் காட்டினான். "அக்கா, இங்கேருந்துதான் நூல் பிடிப்போம், இனி வர்ற அத்தனை கல்லும் அண்ணன் கல்லைப் பார்த்துத்தான் நேரா நிக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரைப் பார்த்து? விதைத்த வரிசையைப் பார்த்து, "டுவேன், பாம்பைப் பிடிச்சு டிராக்டர் ஓட்டச் சொன்னியா" என்று ஊரே கேலி செய்த மனிதரைப் பார்த்து! அணிவகுப்பில் ஒரு நாள்கூட நேராக நிற்கவில்லை என்று சார்ஜெண்ட் காதில் கத்திய கதையை அவரே உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவை அணைத்துவிட்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். இனிமேல் அசையக் கூடாது, ஊரே உங்களைப் பார்த்துத்தான் நிற்கப்போகிறது என்று கண்டித்தும் வைத்திருக்கிறேன்.

ஆகவே அப்பாவை அங்கே அடக்கம் பண்ண, அடுத்த ஜூன் மாதத்துக்கு லீவை இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, அப்புறம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. சீருடையைத் தேய்த்து எடுத்து வா. தேய்ப்பது என்றால் இஸ்திரிப் பெட்டியால், டெலோரஸ் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், கடல் தாண்டிப் பத்திரமாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். அன்றைக்கு ராண்டி நூலைக் கட்டும்போது மறுமுனையை நீதான் பிடிக்க வேண்டும். அப்பா பக்கத்து முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஆர்டிஸ்