டோடெர் இறந்த இரவின் வானம்

அன்புள்ள ஹோரியாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, சரகோசாவில் நீயும் மருமகளும் குழந்தைகளும் அந்த வலிகூட இல்லாமல் நலமாக இருக்கவேண்டும். நேற்று நீ போனில் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். பரஸ்கிவாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு, கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்லறைக் குன்றுக்குப் போகாதே, ஊரோடு ஒத்துப்போ என்றாய். முடியாது கண்ணா.

ஆகஸ்டில் எரிகற்கள் விழுந்த இரவு நான் குன்றில் படம் எடுத்தேன், அதே இரவு பக்கத்து வீட்டு டோடெர் இறந்துபோனான், நடந்தது இவ்வளவுதான். ஆனால் பரஸ்கிவா தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஆளுக்கொரு நட்சத்திரம், அது விழுந்தா ஆளும் போச்சு. இந்த டீச்சரம்மா பொட்டியைத் திறந்து வச்சு அதைக் கீழ கூப்பிடுறாங்க" என்று சொல்லிவருகிறாள். நானும் பொறுமையாக விளக்கினேன், ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்து வைக்கிறேன், அந்த நேரத்தில் எது வந்து விழுகிறதோ அது பதிகிறது, முற்றத்தில் வாளியை வைத்தால் வாளியா மழையைக் கொண்டுவந்தது என்று கேட்டேன். "வாளி வேற, வானம் வேற" என்றாள். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தபோதும் அவள் இப்படித்தான்.

டோடெரின் நாற்பதாம் நாள் விருந்தில், வாய் நிறையக் கோதுமை இனிப்போடு, எல்லோர் முன்னாலும் மறுபடி ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லுமுன் சூப் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி சவேதா கரண்டியோடு திரும்பினாள். "என் வீட்டுக்காரரு வாயிலேருந்து சிகரெட்டை எடுத்த நாளே கிடையாது, அதை யாரும் கேக்கல. அதை வித்தது உன் கடைதானேடி? டீச்சரம்மா பொட்டிதான் உன் கண்ணுக்குத் தெரியுதா?" என்றாள். பாதிரியாரே தாடிக்குள் சிரித்தார்.

பிறகு பாத்திரம் கழுவும்போது சவேதா அந்த இரவின் படங்களைக் காட்டச் சொன்னாள். அதில் விழுவதெல்லாம் மணல் அளவு தூசி, சவேதா, அதில் டோடெர் இல்லை என்றேன். "தூசின்னு தெரியும் டீச்சர், நானும் உங்ககிட்டதானே படிச்சேன். அன்னிக்கு ஜன்னலை மூடிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளியில வானம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். நடுவில் ஒரு கோடு, நுனி மெலிந்து, இடை தடித்து, ஓரம் பச்சையாக. அதைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறாள்.

இப்போது வால்நட்சத்திரம் வந்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் மேற்கே கொஞ்ச நேரம்தான் தெரிகிறது, மர அறுவை ஆலையின் விளக்கு படாத இடம் அந்தக் குன்று ஒன்றுதான், நிலா வளர்ந்தால் வால் கரைந்துவிடும். என் ஆயுளில் அது திரும்பி வராது. ஊர் வாய்க்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தால், நான் இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் நானே அழித்ததாகும். இன்று சாயங்காலம் போகிறேன், கேமராவின் முக்காலியைத் தூக்க சவேதா வருகிறாள். பரஸ்கிவா ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும், நேற்றுவரை ஒருத்தியைப் பார்த்தாள், இனி இரண்டு பேர்.

குழந்தைகளுக்கு முத்தம், மருமகளுக்கு என் அன்பு, கடவுள் உங்களைக் காக்கட்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, சமாதானம் பேசப் போன் செய்யாமல் நல்லதாக இரண்டு வாங்கி அனுப்பு.

உன் அம்மா,
வியோரிகா