இரண்டாவது ஒலித்தடம்

நவம்பர் 19, 2006, கரகோல்

எட்டு வீடியோ கேசட். பன்னிரண்டு வருட விருந்துகள். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குள் மூன்று மணி நேரமாகச் சுருக்கி ஒரே டிவிடியில் அடைக்க வேண்டும். ஒரே டிவிடி என்பது சாதாத் அத்தையின் உத்தரவு. "ரெண்டு கொடுத்தா ஒண்ணைத் தொலைச்சிடுவாங்க. ஆனா யாரோட வாழ்த்தையும் வெட்டிடாதடி, ஜென்மத்துக்கும் என் வாசல் மிதிக்க மாட்டாங்க."

படத்தின் தெளிவைத் தீர்மானிக்கும் பிட்ரேட்டை 3200க்கு மேல் வைத்தால் டிவிடியில் இடம் போதவில்லை. 3200இல் யாராவது ஆடும் காட்சி வந்தால் முகங்கள் சதுரம் சதுரமாக உடைகின்றன. வாழ்த்துச் சொல்பவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள். அசைந்தால்தானே!

நவம்பர் 21

இத்தனை கேசட்டிலும் அப்பா ஒரு இடத்தில்கூட இல்லை. கேமரா அவர் கையில்தானே இருந்தது. குரல் மட்டும் வருகிறது. "குதிரைக்குட்டி, வாயில இருக்கிற பூர்சோக்கை முழுங்கிட்டு இந்தப் பக்கம் பாரு!" எனக்கு அப்போது ஒன்பது வயது.

நிறுத்திவிட்டு அழுதேன். போன வசந்தத்தில் தொண்டைக் கட்டிக்காக அப்பாவின் குரல்வளையையே எடுத்த பிறகு இன்றுதான் அந்தக் குரலைக் கேட்கிறேன்.

நவம்பர் 22

அப்பா வந்து பின்னால் நின்று பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினார்: "நான் பேசற இடத்துல எல்லாம் பாட்டு போட்டு மூடிடு."

"ஏம்ப்பா?"

"கேட்டுட்டு என்னைப் பாவமா பார்ப்பாங்க."

நவம்பர் 25

அப்பா பேசும் இடங்களைக் கோமுஸ் தந்தி இசை போட்டு மூடிக்கொண்டே வந்தேன். தொண்ணூற்றைந்தாம் வருட விருந்தில் கை நின்றுவிட்டது. "ஜோல்தோஷ், கேமராவை வச்சிட்டு நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு" என்று எல்லோரும் கத்துகிறார்கள். அப்பா வைக்கவில்லை. "இங்கிருந்தே சொல்றேன். எல்லாரும் நல்லா இருங்க. அடுத்த வருஷமும் இதே முகங்களை நான் படம் எடுக்கணும்."

இதையா மூடுவது?

நவம்பர் 26

டிவிடியில் இரண்டாவது ஒலித்தடம் வைக்கலாம்! முதலாவதில் அப்பா போடச் சொன்ன பாட்டு. இரண்டாவதில் உள்ளது உள்ளபடி. ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தினால்தான் கேட்கும் — அதை யார் தொடப்போகிறார்கள்?

ஆனால் அதற்கும் இடம் வேண்டும். பிட்ரேட் 3000. சதுரங்கள் கூடும், அப்பா திட்டுவார். திட்டட்டும், எழுதித்தானே திட்ட முடியும் — சே, என்ன எழுதுகிறேன் நான்.

நவம்பர் 28

படத்தைச் சுருக்கும் வேலை பத்து மணி நேரம் ஓடிய பிறகு கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து.

டிசம்பர் 2

போட்டுக் காட்டினேன். அப்பா நோட்டை எடுத்தார். "ஆட்டத்துல ஏன் இவ்வளவு சதுரம்? இடத்தை எதுல செலவு பண்ணினே?"

"நடுவுல கரண்ட் போச்சுப்பா."

என்ன பொய் இது! அப்பா நோட்டை மூடினார். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 9

பிறந்தநாள் விருந்துக்கு நாற்பது பேர். எல்லோரும் வாழ்த்தி முடித்தார்கள். விருந்துக்கு உரியவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை. அப்பாவுக்குப் பதில் தான் பேசுவதாக அத்தை முன்பே சொல்லியிருந்தாள். "என் தம்பிக்காக..." என்று ஆரம்பித்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ரிமோட்டை எடுத்தார். படத்தை ஓட்டிக்கொண்டே போய் தொண்ணூற்றைந்தாம் வருட விருந்தில் ஓடவிட்டார். கோமுஸ் ஒலித்தது.  ஒரு பொத்தானை அழுத்தினார்.

"இங்கிருந்தே சொல்றேன். எல்லாரும் நல்லா இருங்க..."

 அப்பா நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அன்று கேமராவில் பார்த்த மாதிரியே. குரல் முடிந்ததும் ஒரு பிரார்த்தனையை முடிப்பதுபோல நாற்பது பேரும் கையேந்தி முகத்தில் ஒற்றிக்கொண்டு "ஓமின்" என்றார்கள். அத்தை சத்தமாக அழுதாள். பாவமாக யாரும் பார்க்கவில்லை.

டிசம்பர் 10

காலையில் கீபோர்டின் மேல் நோட்டுத் தாள் ஒன்று இருந்தது.

"குதிரைக்குட்டி, பாட்டுத் தடத்தை எடுத்துடு. அந்த இடத்தைப் படத்துக்குக் கொடு."