அடைக்கு வைத்த நாற்பத்திரண்டு முட்டை

கண்டாவளை,
புதன்கிழமை.

அன்பு மகள் கிருசாந்திக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் அம்மாவும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க அவரைத்தான் தினமும் கேட்கிறேன். ஐந்து நாளாய்ப் போன் இல்லையே என்று பயந்திருப்பாய். புயற்காற்றுக்கு வாய்க்கால் கரையில் நின்ற கரண்ட் கம்பங்கள் சரிந்துவிட்டன, இன்னும் கரண்ட் வரவில்லை. வீட்டுக்கு நான்கு ஓடு போனதோடு சரி. சித்தியின் மகள் நிரோஜா நாளைக்குக் கொழும்புக்குப் போகிறாள், இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீ வாங்கித் தந்த குஞ்சு பொரிக்கிற மெசினில் நாற்பத்திரண்டு முட்டை வைத்தேன் அல்லவா, சரியாகப் பதினெட்டாம் நாள் காலையில் கரண்ட் போனது. பொரிக்க இன்னும் மூன்று நாள்தான், உள்ளே எல்லாம் உயிர். சுடுதண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, உன் பழைய போர்வையால் மூடி, மெசினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மெசினைக் கட்டிப்பிடிச்சு அழுற மனிசியை இண்டைக்குத்தான் பாக்கிறன் என்று அப்பா பகிடி விட்டார், எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்து வளவு வடிவம்மா மாமியோடு நான் ஒரு வருசமாய்க் கதையில்லை என்பது உனக்குத் தெரியும். அவவின் கோழிகள் என் கத்தரி நாற்றைக் கிளறியதற்காக, நாங்கள் குனிந்து போய்வந்த வேலிப் பொட்டைத் தகரம் வைத்து அடைத்தேன். போதாததற்கு மெசின் வந்த அன்று, இனி எனக்கு ஒருத்தற்றை அடைக்கோழியும் தேவையில்லை என்று அவவுக்குக் கேட்க வேண்டுமென்றே உரத்துச் சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! அந்த மனிசி மழைக்குள் ரோட்டால் சுற்றி, கடகத்தில் மூன்று அடைக்கோழியை வைத்துச் சாக்கால் மூடிக்கொண்டு வந்தா. முட்டையை எடு, இதுகளுக்குக் கரண்ட் தேவையில்லை என்றா, பழைய கதை ஒன்றும் எடுக்கவில்லை. குசினி மூலையில் வைக்கோல் போட்டு, ஒரு கோழிக்குப் பதினான்காக வைத்தோம்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. சட்டி பானை கொண்டுவர வசதியென்று அப்பா தகரத்தைக் கழற்றினார், நான் காணாதது போல இருந்துவிட்டேன். பிரிட்ஜில் கிடந்த மீன் முழுவதையும் ஒரே நாளில் குழம்பு வைத்துத் தின்று தீர்த்தோம். பொழுதுபட்டால் லாம்பைச் சுற்றியிருந்து முன்னூற்றி நாலு சீட்டு விளையாட்டு. டிவிக்கு முன்னால் இருந்தால் வாய் திறக்காத உன் அப்பா, மாமியின் மனிசன் மயில்வாகனத்தோடு கூட்டுச் சேர்ந்து சீட்டு ஒளித்து, பிடிபட்டு, பிள்ளையார் சத்தியமாய் நான் செய்யேல்லை என்று நின்றார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் பிள்ளை! கரண்ட் அவசரமில்லாமல் ஆறுதலாய் வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை முப்பத்தேழு குஞ்சு பொரித்தது. சந்தோசத்தில் மாமியிடம் சொல்ல ஓடினேன். அவவின் கோழிக்கூட்டில் மூன்று கூடையிலும் முட்டைகள் ஆறிக் கிடந்தன. அவ அடை வைத்து எட்டு நாளான முட்டைகள், பிள்ளை. என்ன வேலை செய்தனீங்கள் அக்கா என்றேன். உன்ரை பொரிக்கிற நாள் கிட்ட வந்திட்டுது, என்ரையைத் திரும்ப வைக்கலாம்தானே என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்தா. அவவின் கையைப் பிடித்து, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். உன் அம்மா வாயில் லேசில் வராத சொல், ஆனால் வந்தது. பாதிக் குஞ்சை எடுங்கோ என்றால் கேட்கிறா இல்லை, நீ சொன்னால் கேட்பா.

காதை மூடிக் கட்டாமல் வெளியில் போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காப்பார். மறந்துவிடாதே, கரண்ட் வந்ததும் முதல் போன் வடிவம்மா மாமிக்கு எடு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இராசேஸ்வரி