எர்ணாவூரில் திரும்பும் பஸ்

9, திங்கள்
காத்திவாக்கத்தில் யாரும் பஸ் ஏறுவதில்லை என்று, பஸ் வழித்தடம் போடும் எங்கள் ஆபீஸ் பொய் எழுதியிருக்கிறது.
காலையிலிருந்தே அனல். காற்றில் அமோனியா நெடி.
வடசென்னையின் புதிய வழித்தடத் திட்டம் என் மேஜைக்கு வந்தது. டிக்கெட் விவரத்தைப் போட்டால், குறைந்த பஸ்ஸில் அதிகம் பேரை ஏற்றும் வழியை கம்ப்யூட்டர் மாடல் கணக்குப் போட்டுத் தரும். தந்துவிட்டது: காத்திவாக்கத்தை வெட்டு, எர்ணாவூரில் கூட்டம், அங்கே கூடுதல் பஸ்.
அந்தக் கூட்டமே காத்திவாக்கத்துக்காரர்களான நாங்கள்தான்.
அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. மறக்கக் கூடாது.

10, செவ்வாய்
அக்காவோடு கிளம்பினேன். ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. பஸ் வழக்கம்போல எர்ணாவூரிலேயே திரும்பிவிட்டது. வீட்டிலிருந்து அதுவரை நடை. அங்கே ஏறியதால் டிக்கெட்டிலும் எர்ணாவூர்தான்.
அக்கா கண்டக்டரிடம், "இன்னாண்ணே, காத்திவாக்கம்னு போர்டு மாட்டிகினு இங்கியே திருப்பிட்ட?"
"லாரி பின்னால குந்திகினு கெடந்தா என் டூட்டி எப்பம்மா முடியும்? நீ வேணா எறங்கி லாரிய தள்ளு."
பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ராயபுரத்தில் துணிக் கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. ஏற்கெனவே இரண்டு தடவை லேட். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை.
இறங்கும்போது என்னிடம், "பஸ்சு வர்லன்னு எழுதறதுக்கு உனக்கு ஒரு ஆபீஸு, ஏசி, கம்ப்யூட்டரு. இன்னாதான்டி பண்ணிகினு கீற?"

11, புதன்
சாப்பாடு ஊசிவிட்டது. டீ மட்டும்.
காலையில் எர்ணாவூர் ஸ்டாப்பில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பாதிக்கு மேல் எங்கள் பக்கம். அவர்களைக் காத்திவாக்கம் கணக்கில் மாற்றினேன். லாரி நெரிசலுக்கு நேரம் கூட்டினேன். பஸ் கடைசி ஸ்டாப் வரை போயே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை. மாடலை மறுபடி ஓட்டினேன்.
காத்திவாக்கம் ஸ்டாப் பிழைத்தது. அதற்குத் தேவை கூடுதலாக ஒரே ஒரு பஸ்.
மேனேஜர்: "ஊர்ப் பாசம் புரியுதும்மா. ஆனா டேட்டா வேற சொல்லுதே."
வராத பஸ்ஸில் எப்படி ஏறுவது? கேட்டேன். நாளை மீட்டிங்கில் பார்க்கலாமாம்.

12, வியாழன்
இன்றும் லேட் என்று, அக்காவின் முகத்துக்கு நேரே கம்பெனி கேட்டைச் சாத்திவிட்டார்கள். திரும்பி வந்து சுவர்ப்பக்கம் படுத்திருக்கிறாளாம். அம்மா போனில் சொன்னாள்.
மீட்டிங். திரையில் பழைய கணக்கு. நான் சேர்த்தது எதுவும் இல்லை. மேனேஜர்: "ஒரு பஸ்ஸுக்காக மொத்த பிளானையும் கலைக்க முடியாது. சாயங்காலம் அனுப்பணும்."
எழுந்தேன்.
"நான் போட்டத திரும்பச் சேருங்க சார். முடியாதுன்னா, காலையில காத்திவாக்கம் ஸ்டாப்ல வந்து நின்னு, பஸ் புடிச்சு ஆபீஸ் வாங்க. எது செய்யறீங்க?"
மேனேஜர் அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.