மூன்றரை மணி நடை

ஜூலை 7
கிளினிக் நர்ஸ் மலர்விழி மூச்சின் வேகத்தை அளக்கும் ஊதுகுழாய் ஒன்றைக் கொடுத்தார். முழு மூச்சையும் விட்டு ஊத வேண்டும், முள் நிற்கும் எண்ணை எழுத வேண்டும், அன்று செய்ததையும் எழுத வேண்டும். முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்கு லாக் புக் புதிதல்ல. ஆகஸ்ட் 18-இல் லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க மெடிக்கல் டெஸ்ட். 400-ஐத் தொட்டால் பயமில்லை என்றார். இன்று 340.

ஜூலை 8
நடை தொடக்கம். காலைப் பனி நெஞ்சுக்கு ஆகாது. அதனால் மதியம் மூன்றரைக்கு, எங்கள் ஊர் குருபோங்கின் பெரிய ரோட்டோரமாக ஒரு மணி நேரம். ராமாத்தாளும் வந்தாள். வழியில் எனக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்காரி பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

ஜூலை 12
320. வானம் கழுவி வைத்த தட்டு மாதிரி.

ஜூலை 15
290. நடை போதவில்லை போலும். நாளை முதல் ஒன்றரை மணி நேரம்.

ஜூலை 19
புகைமூட்டம். எங்கோ காடு எரிகிறதாம். எதிர்வீடு மங்கல். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

ஜூலை 22
நான்கு நாளாக நடையே இல்லை. 350. இது என்ன கணக்கு?

ஜூலை 26
புகை போய்விட்டது. நீல வானம், நல்ல வெயில், நடை — 280. ராமாத்தாள் பாதி வழியில் நின்று நின்று வந்தாள். கேட்டால் முட்டி வலியாம். எரிச்சலாக வந்தது. மெடிக்கல் எனக்கா, இவளுக்கா?

ஜூலை 28
மலர்விழி நோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "அங்கிள், எத்தனை மணிக்கு நடக்குறீங்க?" சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வண்டிப் புகையும் ஃபேக்டரிப் புகையும் வெயில் பட்டு ஓசோன் என்ற வாயுவாக மாறுமாம். கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏற ஏறக் கூடும், மதியத்தில்தான் அதிகம். மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். காலையில் நடக்கச் சொன்னார். அந்தப் புகையில் என் லாரியின் பங்கும் உண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த முட்டி வலி ஞாபகம் வந்தது. குழாயைக் கழுவி ராமாத்தாளிடம் கொடுத்தேன். ஊதினாள். 190. மறுபடி ஊதச் சொன்னேன். 180.

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்தே நெஞ்ச அடைக்குது. உங்க மெடிக்கல் முடியட்டும்னு இருந்தேன்."

மூணு வாரமா இவளைக் கூடவே இழுத்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் — ஒரு தடவையாவது கேட்டேனா? வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 29
ராமாத்தாளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்துமா. அவளுக்கும் ஒரு குழாய், ஒரு மருந்து.

எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நர்ஸ் சொன்னதை எழுதினேன். பக்கத்து வீட்டு இருளாண்டி பதில் போட்டான்: "ஓசோன் நல்லதுதானே லா? அதுல ஓட்டை விழுந்துச்சுன்னுதானே ஸ்கூல்ல அழுதாங்க?" நல்லதுதான், வானத்து உயரத்தில் இருக்கும்வரை, நாம் மூச்சு விடும் இடத்துக்கு வந்தால் விஷம் என்று எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. மூன்றரைக்கு அவன் ஓடுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 6
காலை ஏழு மணி நடை. பனி ஒன்றும் செய்யவில்லை. 370. அவள் 230.

ஆகஸ்ட் 11
வாசலில் இருளாண்டி, காலை ஏழுக்கு, ஷூ போட்டுக்கொண்டு. எங்களோடு சேர்ந்து நடந்தான்.

ஆகஸ்ட் 18
ராமாத்தாள் 290. வழியில் அவள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான்தான் இரண்டு தடவை நின்றேன், அவள் மூச்சு வாங்குகிறாளா என்று பார்க்க.

மெடிக்கல் பாஸ். என் எண்ணை எழுத மறந்துவிட்டேன்.