பாலித்தீவுக்குப் பத்து நாள்

21.01.2025

காலையிலிருந்து மழை. நூலகத்தின் கூரை வடக்குப் பக்கம் மறுபடி ஒழுகுகிறது. சஞ்சிகைத் தட்டு முழுக்க ஈரம். வாசகர் மூன்று பேர். மூவரும் பேப்பர் பார்க்க வந்தவர்கள்.

மாலையில் இவர் சுவிஸிலிருந்து தொலைபேசி எடுத்தார். தாரிகாவின் படிப்பு, மாமியின் பிறசர் குளிசை, சுவிஸ் குளிர். இந்த மூன்றையும் கேட்டு முடித்தால் வைத்துவிடுவோம். இன்று வைக்கவில்லை.

"கஜா, இந்த வருசம் சந்திப்பமே?"

எங்கே என்று கேட்டேன். இங்கே வர ஏலாது. அங்கே அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளும் என்றுதான் அடித்திருக்கும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். 2014இல் புலனாய்வுக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து இவரை விசாரித்தார்கள். மூன்றாம் முறைக்கு முன் போய்விட்டார். தாரிகா அப்போது என் வயிற்றில் ஐந்து மாதம்.

"வேற நாட்டில சந்திக்கலாம்தானே. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். பாலித்தீவுக்கு வாருமன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு."

சிரிப்பு வந்தது. ஊர்காவற்றுறைத் தீவில் இருப்பவளை இன்னொரு தீவுக்குக் கூப்பிடுகிறார், கடல் பார்க்க.

22.01.2025

பதினொரு வருடம். தெருவில் எதிரே வந்தால் என்னை அடையாளம் காண்பாரா?

09.02.2025

ஹொட்டேல் படங்கள் அனுப்பியிருந்தார். அறைக்கு அறை தனிக்குளம். கட்டிலில் பூவால் எழுத்து. பணிப்பெண் முழங்காலில் இருந்து பழத்தட்டு நீட்டுகிறாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மின்விசிறி உள்ள ஒரு சாதாரண அறை போதாதா, அந்தப் பகட்டு எதுக்கு என்று கேட்டேன்.

இவர் சொன்னார்: "பதினொரு வருசமா ஹொட்டேல் குசினியில நிக்கிறன் கஜா. விடுமுறைக்கு வாற சனத்துக்குத் தட்டு அடுக்கி அனுப்புறன். கதவுக்கு அங்கால என்ன நடக்குது எண்டு நான் இருந்து பாத்ததில்லை. ஒரு பத்து நாள் எனக்கு முன்னால ஆராவது தட்டை வைக்கட்டும்."

சரி என்றேன். அந்த ஹொட்டேல்தான்.

மாமியிடம் சொன்னேன். கோபிப்பார், தானும் வரவேண்டும் என்று அழுவார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவருடைய பிள்ளை, ஒரே பிள்ளை. மாமி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "நல்லது பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

15.02.2025

யாழ்ப்பாணம் போய்ப் பயண முகவர் கடையில் விசாரித்தேன். அங்கே இருக்கும் பெண் கிருசாந்தி. இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. "ஹனிமூனோ அக்கா?" என்று பகிடியாகக் கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். முகம் சுட்டது. தேனிலவு என்று போட்டால் ஒரு நேரச் சாப்பாடு கடற்கரையில் இலவசமாம், விளக்கெல்லாம் வைத்துத் தருவார்களாம். பதியும்போது அப்படியே போடும்படி இவரிடம் சொல்லவேண்டும்.

ஹொட்டேலை இவர் அங்கிருந்து பதிவு செய்வதாக ஏற்பாடு. எனக்கும் தாரிகாவுக்கும் விமான ரிக்கெற் மட்டும் கிருசாந்தியின் பொறுப்பு. சித்திரை விடுமுறைக்கு.

02.03.2025

பயிற்சிக் கொப்பி ஒன்றில் பத்து நாளையும் எழுதினேன். நூலகத்தில் பாலித்தீவு பற்றி ஒரே ஒரு புத்தகம் இருக்கிறது, அட்டை இல்லாதது. அதையும் இணையத்தையும் வைத்து எழுதினேன். இவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் ஒன்றுமில்லை. பார்ப்பதுதான். இரண்டாம் நாள் கடலுக்குள் பாறைமேல் நிற்கிற கோயில், அலை வற்றும்போதுதான் நடந்து போகலாம். மூன்றாம் நாள் காலை இவர் நித்திரை கொள்ளட்டும், ஒருவரும் எழுப்பக் கூடாது. நாலாம் நாள் மலைச்சரிவில் படிப்படியான வயல், பழைய அரசர்களின் நீராடு குளம். அங்கே வீட்டுக்கு வீடு கோயில், எங்கள் இராமாயணம்தான் அவர்களுடைய கூத்து. "தேங்காய் உரிச்சு வைக்கிறதும் எங்களை மாதிரித்தானாம்" என்றேன். "அப்ப உம்மட மாமியாரையும் கொண்டுபோய் விட்டிட்டு வருவம்" என்றார். இருவரும் சிரித்தோம்.

ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறோம். கலியாணம் பேசிய காலத்தில்கூட இவ்வளவு கதைத்ததில்லை.

19.03.2025

சித்திரையில் வர ஏலாதாம். முதலாளி லீவு தரவில்லையாம். ஓகஸ்ட் விடுமுறையில், ஆவணியில் பார்ப்போமாம்.

பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா? குசினிக்குள் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று நினைவு வரவில்லை.

11.05.2025

ஆவணியில் என்றால் தாரிகாவின் பிறந்தநாளும் அதற்குள் வரும். இவர் சொன்னதும் அவள் முதல்முறையாகத் தொலைபேசியைத் தானே கேட்டு வாங்கினாள். "அப்பா, அங்கை நீந்தப் பழக்குவினமோ?" என்றாள். சுற்றிவரக் கடலுள்ள எங்கள் கரம்பொன்னில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. பழக்க ஆளில்லை. நான் பழக்குறன் என்று இவர் சொன்னார்.

இவருடைய பயணப் புத்தகத்தின் பிரதி ஒன்று அனுப்பச் சொன்னேன், கிருசாந்தி கேட்டாள் என்று. அனுப்புகிறேன் என்றார். போன மாதமும் அதைத்தான் சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

03.07.2025

கிருசாந்தி எடுத்தாள். குரல் தயங்கியது. "அக்கா, எயார்போட்டில உங்களை ஏத்த வாகனம் கேட்டு ஹொட்டேலுக்கு மெயில் போட்டனான். உங்கட அவரின்ர பேரில ஒரு பதிவும் இல்லையாம்."

வேறு பெயரில் இருக்கும் என்றேன். தேதியையும் பார்த்துவிட்டாளாம். இல்லையாம்.

வேறொருத்தி இருக்கிறாள். அதைத் தவிர வேறென்ன.

06.07.2025

நயினாதீவுத் திருவிழா. குறிகட்டுவான் படகுத்துறையில் ஒரே சனம். படகில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றவர் குலசிங்கம் அண்ணை. சுவிஸில் இவரோடு நாலு வருடம் ஓர் அறையில் இருந்தவர். இப்போது பிரசாவுரிமை எடுத்துவிட்டார், திருவிழாவுக்கு வந்திருக்கிறார்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டேன். "அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. இவருக்கு அங்கை ஆரும் இருக்கினமோ?"

"சீ, என்ன கதை பிள்ளை. அவன் வேலை, அறை, அதைவிட்டா ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் பாலித்தீவுக்கு இன்னும் பதியேல்லை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எந்தப் பாலித்தீவு? அவன் எப்பிடி வருவான்? அவன்ர அகதி வழக்கு ரெண்டு தரமும் தள்ளுபடியெல்லே. போகச் சொல்லி அனுப்பேல்லை, இருக்க மட்டும் விட்டிருக்கினம். வெளிநாடு போற புத்தகம் அவனுக்கு ஒருநாளும் குடுக்கேல்லையே." பிறகு, "உமக்குத் தெரியாதோ?" என்றார்.

படகு இயந்திரத்தின் சத்தம். புகை. கோயிலுக்குள் போனேன், கும்பிட்டேனா தெரியாது. அருச்சனைத் தட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்.

07.07.2025

கேட்டேன். மறுக்கவில்லை.

"முதல் தரம் ஒரு ஆசையில கேட்டுப்போட்டன். நீர் சிரிச்சீர். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"அஞ்சு மாசம். அஞ்சு மாசம் நான் கொப்பியில எழுதினனான்."

"அந்த அஞ்சு மாசமும்தான் நீர் என்னோட கதைச்சனீர் கஜா. அதுக்கு முதல் ஏழெட்டு வருசமா அம்மாவுக்குப் பிறசர், பிள்ளைக்குக் காய்ச்சல். உண்மையைச் சொன்னா நீர் பழையபடி அஞ்சு நிமிசத்தில வைச்சிடுவீர் எண்டு பயந்தனான்."

வைத்துவிட்டேன்.

வேறொருத்தி இருந்திருக்கலாம். அப்படியென்றால் திட்டவாவது செய்யலாம். இது என்ன? ஆரைத் திட்டுறது? மூன்றாம் நாள் நித்திரை கொள்ளட்டும் எண்டு எழுதினனே, அதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் எப்பிடி இருந்தவர்? வாய் கூசேல்லையோ? பிள்ளைக்கு நீந்தப் பழக்குறன் எண்டு சொல்லேக்க?

08.07.2025

வேலைக்குப் போகவில்லை.

12.07.2025

மாமிக்குத் தெரியும், கேட்டபோது ஒத்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடியானது அவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பே தெரியும். இவர் அழுதழுது சொல்லி, என்னிடம் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நான் தாரிகாவுக்கு நீச்சல் உடுப்பு வாங்கிவந்து காட்டினேன். மாமி தொட்டுப் பார்த்தார். சூட்கேசுக்குப் பூட்டு வாங்கிவந்தேன், அது இறுக்கம் என்று தேங்காயெண்ணெய் போட்டுத் தந்தார். தெரிந்துகொண்டு.

மூன்று நாளாக நான் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். இன்று மதியம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு வாய் வரேல்லை பிள்ளை. அந்த மாசங்களிலதான் நீ ஒழுங்காச் சாப்பிட்டனீ. தலை இழுத்து, பூ வைச்சு வேலைக்குப் போனனீ. நான் எப்பிடி அதில கை வைக்கிறது?"

நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். வாளியைப் போட்டுவிட்டு இழுக்காமல் நின்றேன். எனக்குந்தான் தெரிந்திருக்கவேண்டும். புத்தகப் பிரதியை நான் ஏன் மூன்றாம் தரம் கேட்கவில்லை?

14.08.2025

தாரிகாவுக்குப் பதினொன்று. பாலித்தீவு இல்லை என்று போன மாதமே சொல்லியிருந்தேன். ஏன் என்று இன்றைக்குத்தான் கேட்டாள். அதை அப்பாதான் சொல்லவேண்டும், அவர் சொல்லும்வரை நான் அவரோடு கதைக்கப் போவதில்லை என்றேன். பிள்ளையிடம் சொல்லக்கூடிய கதையா இது. சொல்லிவிட்டேன்.

மாலையில் இவர் எடுத்தபோது தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நெடுநேரம் கதைத்தார்கள். திரும்பி வந்து, "அப்பா பொய் சொன்னவராம்" என்றாள். அழவில்லை. கேக்கில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

02.09.2025

நூலகம், வீடு, நூலகம். இன்று என்ன கிழமை என்று பதிவேட்டில் பார்த்துத்தான் எழுதினேன்.

21.09.2025

இவர் எடுத்தார். தாரிகா தொலைபேசியைக் கொண்டுவந்து என் காதில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

திரும்பிப் போகிறேன் என்று கையெழுத்து வைத்தால் அங்கத்தைய குடிவரவு அலுவலகமே ரிக்கெற் போட்டுத் தருமாம். வந்தால் பிறகு போகவே ஏலாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கி விசாரிப்பார்கள். எவ்வளவு நேரம், என்ன கேட்பார்கள், அதன் பிறகு வீட்டுக்கு விடுவார்களா, ஒன்றும் தெரியாது.

"நீர் சொல்லும் கஜா. நீர் வரச் சொன்னா வாறன்."

மாமி அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "வராதை எண்டு சொல்லு" என்றார். "எங்கயாவது உயிரோட இருக்கட்டும்." மறுபடியும், சத்தமாக, தொலைபேசிக்குக் கேட்கும்படி: "வராதை நிசாந்தன்."

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

30.09.2025

வரச் சொல்லி, அவரைப் பிடித்துக்கொண்டு போனால்? அது என் வாயால் போனது. வரவேண்டாம் என்று சொன்னால் இன்னும் இருபது வருடம் இந்தத் தொலைபேசி. அதுவும் என் வாயால். பொய் சொன்னவர் அவர், தீர்ப்புச் சொல்லவேண்டியவள் நானா? எனக்கு அவர் வேணுமா என்றுகூட இப்ப தெரியேல்லை. கட்டினவரோடு இருந்தது ஒன்றரை வருடம். அந்த மனுசனின் முகம் நினைவில் இருக்கிறது. இப்போது அவர் அனுப்பும் படங்களில் தெரிகிற முகம் வேறு, நரைத்து, கன்னம் ஒட்டி.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். இன்றும் எடுக்கவில்லை நான்.

05.10.2025

இன்று எடுத்தேன். எழுதிவைத்து வாசித்ததுபோலத்தான் சொன்னேன், இல்லாவிட்டால் நடுவில் உடைந்திருப்பேன்.

"வாங்கோ எண்டும் சொல்ல மாட்டன். வராதையுங்கோ எண்டும் சொல்ல மாட்டன். உங்கட உயிர். நீங்களே யோசிச்சு முடிவெடுங்கோ. எந்த முடிவெண்டாலும் என்னட்டை உண்மையைச் சொல்லுங்கோ. பொய்யா ஒரு சொல்லு இனி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"ஓம்" என்றார். அவரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் குசினிப் பாத்திரங்கள் முட்டும் சத்தம் கேட்டது.

26.10.2025

அழைப்பு இல்லை. மூன்று வாரம். தாரிகா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

18.11.2025

நூலகத்தில் இருந்தபோது ஒரு படம் வந்தது. விமான ரிக்கெற். சூரிச்சிலிருந்து கட்டுநாயக்கா, டிசெம்பர் நான்காம் தேதி. இவர் பெயர். கீழே ஒரு வரியும் இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கிருசாந்திக்கு எடுத்தேன். படத்தை அனுப்புகிறேன், உண்மையானதா என்று பார்த்துச் சொல்லும் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. கால் மணித்தியாலத்தில் திருப்பி எடுத்தாள்.

"உண்மையான ரிக்கெற்தான் அக்கா. நம்பரைப் போட்டுப் பாத்தனான்." கொஞ்சம் பொறுத்து, "ஒருவழி" என்றாள்.

வாசகர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். தடிமன், மூக்கு ஒழுகுது என்றேன்.

பின்னேரமே யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். இவரை விசாரிக்கும்போது நிற்க, கொழும்புக்கு அவரும் வருகிறார். மாமி, நான் சொன்னதிலிருந்து சுவாமியறையைவிட்டு எழும்பவில்லை.

22.11.2025

தாரிகாவிடம் இன்று சொன்னேன். புட்டுக் குழைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே, "எத்தினை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"இனிப் போகமாட்டார்."

வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அறையை ஒருமுறை பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் இருக்கிற ஒரே கட்டிலையும் பார்த்தாள்.

"அப்ப அப்பா எங்கை படுப்பார்?"

நானும் நாலு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.