பாலத்துக்கு அங்கிட்டு

அன்புள்ள மாப்ள சூசைக்கு,

நல்லா இருக்கியா என்று எழுதிவிட்டு அடித்தேன். வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. நேற்று கல்லறைத் திருநாள். உன் சிலுவைக்கு வெள்ளையடித்து, பேரை நான்தான் கறுப்பு பெயின்டில் எழுதினேன். ஓவிய வாத்தியார் மச்சானாக இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்காதா? ‘சூ’வின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

எட்டு மாதமாகிறது. எனக்கு அலுப்பாக இருக்கிறது மாப்ள. காலையில் எழுந்தால் அலுப்பு. கீரனூரில் பஸ் ஏறினால் அலுப்பு. பிள்ளைகள் மாம்பழம் வரைந்துகொண்டுவந்து நீட்டினால் அதில் ஒரு டிக் போடக்கூடக் கை எழவில்லை. மாம்பழத்தில் என்ன தப்பு இருக்கிறது என்று தேடுகிறவன் நான், உனக்குத் தெரியும். இப்போது எல்லா மாம்பழமும் சரிதான்.

இந்தக் கடிதத்தை நம் காமிக்ஸ் வருகிற இணையப் பக்கத்திலேயே போடுகிறேன். ‘கட்டைவாள் காத்தமுத்து’ எப்போது வரும், வருமா வராதா என்று இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ போய்விட்டதே அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்வார்கள். நடுநடுவே உனக்குத் தெரிந்த சங்கதியை அவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ‘அதான் தெரியுமே மச்சான்’ என்று குறுக்கே விழாதே.

நான் வீடியோ கேம் ஆடாதவன். ஆட முடியாதவன். நீ வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் முதல்முறை பத்து நிமிஷம் திரையைப் பார்த்ததற்கே தலை சுற்றி, கீபோர்டு மேலேயே வாந்தி எடுத்தேனே! அன்றைக்கு அதைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய், “விடு மச்சான், நான் ஆடிட்டு வந்து சொல்றேன், நீ வரை.” அப்படித்தான் காத்தமுத்து பிறந்தான்.

தினமும் காலையில் கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் நீ சொல்வாய், நான் நோட்டில் கிறுக்குவேன். வாள், குதிரை, டிராகன் எல்லாம் வருகிற வெளிநாட்டு கேம் அது. எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பானையை உடைத்துக் காசு தேடுகிற வீரன். சட்டைப்பையில் நாற்பது வாள் வைத்திருப்பவன். எத்தனை தடவை போய் நின்றாலும் ‘மழை வரும் போலிருக்கு’ என்று அதே வரியைச் சொல்லும் கிராமத்தான். நீ சீட்டிலிருந்து எழுந்து நின்று வாள் வீசிக் காட்டுவாய். கம்பியைப் பிடித்தபடி பூக்கூடைக்காரம்மா ஒருநாள், “அந்த ராசா மகன் என்ன ஆனான் தம்பி, நேத்து பாதியில எறங்கிட்டிய” என்று கேட்டது நினைவிருக்கிறதா?

பார்க்காமல் வரைந்ததால் என் டிராகனுக்கு எருமைமாட்டு முகம். என் கோட்டை தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும். அதையும் நாலு பேர் ரசித்தார்கள்.

ஒரு நாள் காத்தமுத்து கேமில் வருகிற ஒரு பாலத்தைத் தாண்டினான். அதற்குப் பிறகுதான் காமிக்ஸ் களைகட்டியது. பாலத்துக்கு அங்கிட்டு ஒரு சூனியக்காரி கவுன்ட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆதார் ஜெராக்ஸ் இரண்டு, போட்டோ இரண்டு இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டாள். டிராகன் நெருப்பு விடுவதற்குச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நின்றது. மந்திரவாதிக்கு எப்போதும் சர்வர் டவுன். கடல் ராஜ்யத்துக்குப் போனால் பாதி மீன் உடம்புக்காரி ஒருத்தி கட்டுமாவடி மீன் ஏலக்காரர் போலக் கத்திக்கொண்டு தன் வாலுக்கே விலை பேசினாள்.

“வெளிநாட்டுக்காரன் கேம்ல மோரு விக்கிற ஆத்தா எப்புடிடா வந்துச்சு?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அப்டேட்ல வந்துருக்கு மச்சான்” என்றாய்.

நம்பினேன். மூன்று வருஷம் நம்பினேன். கமென்டில் எவனாவது, ‘இது எந்த வெர்ஷன், எனக்கு இப்படி வரலையே’ என்று கேட்டால் நீ முந்திக்கொண்டு, ‘இது நம்ம ஊரு வெர்ஷன்’ என்று பதில் போடுவாய். ஊருக்கு ஊர் வேறு வேறு வெர்ஷன் விடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆடத் தெரியாதவனுக்கு எல்லாம் சாத்தியம்தான்.

கடைசியாக வந்த படத்தில் காத்தமுத்து ஒரு பெரிய இரும்புக் கதவின் முன் நிற்கிறான். தட்டுவதற்குக் கையை ஓங்கியிருக்கிறான். உள்ளே என்ன என்று நாளைக்குச் சொல்கிறேன் என்று நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். மறுநாள் உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலும் கேட்டேன், “கதவுக்கு உள்ள என்னடா?” “வீட்டுக்கு வந்து சொல்றேன் மச்சான்.” பத்து நாள். அவ்வளவுதான். தவக்காலத்தின் நடுவில் உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம்.

காத்தமுத்து கையை இறக்கவே இல்லை. ‘கை வலிக்கலையாப்பா அவனுக்கு’ என்று ஒருத்தர் போட்டிருந்தார். எனக்கு வலித்தது.

எனக்கு அப்போது தெரிந்தது ஒரே வழி. நீ ஆடிய கேமை நானே ஆடி அந்தக் கதவு வரை போய், உள்ளே இருப்பதைப் பார்த்து வரைந்து, தொடரை ஒழுங்காக முடித்துவிட வேண்டும். பிறகு எனக்கும் ஓய்வு, உனக்கும் ஓய்வு. என் தங்கை சகாயத்திடம் கேட்டு உன் கம்ப்யூட்டரை வாங்கிவந்தேன். பிரவுசிங் சென்டரை மூடும்போது உனக்குக் கொடுத்தார்களே, அதே கிழட்டுப் பெட்டி. சனிக்கிழமைகளில் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே ஆடினேன். இந்த வயதில் நான் பானை உடைத்துப் பழகியதை நீ பார்த்திருக்க வேண்டும். ஐந்து சனிக்கிழமை கழித்துப் பாலத்துக்கு வந்தேன்.

பாலத்தில் கால் வைத்ததும் பெட்டிக்குள் ஃபேன் ஊளையிட்டது. திரை கறுத்துவிட்டது.

மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. ஒன்பது தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். அவர் திறந்து தூசி தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதுல கோளாறே இல்ல சார். இந்தப் பெட்டிக்கு அந்த கேம் இம்புட்டுத்தான் ஓடும். பாலத்துக்கு அங்கிட்டு படமெல்லாம் கனம், இது தாங்காது.”

“இல்லங்க, எங்க மாப்ள இதுலதான் மூணு வருசமா ஆடினாரு.”

“ஆடியிருக்க முடியாது சார். இங்க பாருங்க, அவர் ஆடி நிறுத்தி வச்சது பூராம் பாலத்துக்கு இங்கிட்டுத்தான் இருக்கு.”

பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் மெஷினில் அந்தக் கேமைப் போட்டு, பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றும் காட்டினார். பனி. ஓநாய்கள். சாம்பல் நிறத்தில் மலை. கவுன்ட்டர் இல்லை. மோர் விற்கும் ஆத்தா இல்லை. இரும்புக் கதவும் இல்லை. தலை சுற்றியது. கேம் பார்த்ததால் சுற்றியதா என்று எனக்கே தெரியாது.

ஏன்டா பொய் சொன்னாய்? பஸ்ஸில் வீடு திரும்பும்போது உன் மேல் அப்படியொரு கோபம். அதைவிடக் கூசிப்போனது வேறொன்று நினைவுக்கு வந்தபோது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் நான் என்ன எழுதிவந்தேன்? ‘படைப்பு: அருளப்பன். தகவல் உதவி: சூசைராஜ்.’ தகவல் உதவி! ஸ்டாஃப் ரூமில்கூட, ‘கற்பனையெல்லாம் என்னோடது, மாப்ள பார்த்ததை வந்து சொல்லுவான், அவ்வளவுதான்’ என்று பீற்றியிருக்கிறேன். பஸ்ஸில் அதையே சொன்னபோது நீ பக்கத்தில் நின்று தலையாட்டியும் இருக்கிறாய். ஒரு நாளாவது உனக்கு உறுத்தவில்லையா மாப்ள? உன் பெயருக்கு மேலே என் பெயரைப் பார்க்கும்போது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த ஞாயிறு பூசை முடிந்து சகாயத்தின் வீட்டுக்குப் போனேன். படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என் தங்கை சகாயம்தான் சூசையின் மனைவி. பிரவுசிங் சென்டருக்குப் பிறகு சூசை வேலை பார்த்த இ-சேவை மையத்தில் அவன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்கிறாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பாலத்தில் பெட்டி அணைந்த கதையைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்ண்ணே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவருதான் சொல்லக்கூடாதுன்னாரு. கதைன்னு தெரிஞ்சா டிராகன் எங்கயாச்சும் வரிசையில நிக்குமான்னு கேட்டு நூறு திருத்தம் சொல்வீங்களாம். கேம்ல பாத்தேன்னு சொன்னாத்தான் வாய மூடிட்டு அப்புடியே வரைவீங்களாம்.”

உண்மைதான் மாப்ள. மாம்பழத்துக்கே அத்தனை தப்புக் கண்டுபிடிக்கிறவன், சூனியக்காரியின் கவுன்ட்டரை விட்டுவைத்திருப்பேனா? என்னை என்னைவிட நன்றாக அளந்து வைத்திருந்தாய்.

அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குப் புதுசு. “மொதல்ல எங்கிட்டத்தான் சொல்லுவாரு. காலையில இட்லி ஊத்தயில பின்னாடி வந்து நின்னு நடிச்சுக் காட்டுவாரு. நான் சிரிச்சாத்தான் அது ஒங்ககிட்ட வரும். சிரிக்கலன்னா வராது.”

சில நாள் நீ பஸ்ஸில் கிரிக்கெட்டும் கரன்ட் கட்டும் மட்டும் பேசிக்கொண்டு வருவாயே, அதற்கு இதுதான் காரணமா? நான் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைப்பேன்.

கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். “கதவுக்கு உள்ள என்னன்னு சொன்னானா?”

கீரையை ஒதுக்கி வைத்தாள். “சொன்னாரு. கதவத் தொறந்தா உள்ள காத்தமுத்து பொண்டாட்டி நிக்கிறா. ‘இம்புட்டு நேரமா எங்க போனீங்க, சோறு ஆறிப்போச்சு’ங்கிறா. அம்புட்டுத்தான்.”

“நீ சிரிச்சியா?”

“இல்லண்ணே. அன்னைக்கே அவருக்கு ஒடம்பு கொதிச்சுச்சு. நான் வெடுக்குனு, மொதல்ல நீங்க சாப்புடுங்கன்னு சொன்னேன். சரி, இது வேணாம், வேற யோசிக்கிறேன்னாரு.”

பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. நான்தான் தைரியம் பண்ணி, அதையே வரைந்து முடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அதைவிட நல்ல முடிவு எனக்கு என்ன தோன்றிவிடப்போகிறது?

“வேணாம்ண்ணே. நான் சிரிக்காதத அவரு போட மாட்டாரு. இப்ப யோசிச்சாலும் எனக்குச் சிரிப்பு வரல” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏழு மாசமா எதுக்குமே வரல.”

அன்றைக்கு அவளைப் பார்த்தேன் மாப்ள. வாரத்தில் மூன்று நாள் பார்க்கிற முகம்தான். ஆனால் இத்தனை நாளாக நான் காத்தமுத்துவை எப்படி முடிப்பது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேனே தவிர, என் தங்கை சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நீ சொன்னதைப் படமாகப் போடமாட்டேன். இங்கே எழுத மட்டும் அவளிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். “எழுத்துன்னா சரி” என்றாள்.

பழைய படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அடிவரியை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ‘கதை: சூசைராஜ். படம்: அருளப்பன்.’ பேனாவால் எழுதிய எழுத்து என்பதால் ஒவ்வொன்றையும் அழித்துக் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. கண் எரிகிறது, முதுகு விட்டுப்போகிறது. பாதிகூட முடியவில்லை. பாலத்துக்கு இங்கிட்டு இருப்பதையும் சேர்த்துத்தான் மாற்றுகிறேன். மழை வரும் போலிருக்கு என்கிறவன் நிஜமாகவே கேமில் இருக்கிறான், நானே பார்த்தேன். ஆனால் அவன் அங்கே சிரிப்பு மூட்டவில்லை. நீ சொல்லித்தான் சிரிப்பு வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் சகாயத்தின் வீட்டுக்கு ஒரு கதவோடு போகிறேன். முதல் வாரம், கதவுக்குள் இன்னொரு கதவு. “ம்” என்றாள். அடுத்த வாரம், உள்ளே ஹெட்மாஸ்டர் உட்கார்ந்து லீவ் லெட்டர் கேட்கிறார். “இது ஒங்க ஸ்கூல் கதைண்ணே” என்று முடித்துவிட்டாள். போன வாரம் நீ செய்வதுபோல எழுந்து நின்று, கையை ஓங்கி, கதவு திறக்கும் சத்தத்தையெல்லாம் வாயாலேயே கொடுத்து நடித்துக்காட்டினேன். மூச்சு வாங்கியது. அவள் சிரிக்கவில்லை. ஆனால், “அவரு இன்னும் மெதுவாச் செய்வாருண்ணே” என்று எழுந்து வந்து, கதவை எப்படித் திறக்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினாள்.

நீ செய்ததைப் போல எனக்கு வராது. எனக்குக் கற்பனை கிடையாது, அது இப்போதுதான் தெரிந்தது. அலுப்பும் போனபாடில்லை. இருந்தாலும் ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் மாப்ள. ஞாயிறு தவறாமல் போவேன். அவள் சிரிக்காத எதையும் வரையமாட்டேன். அதற்கு எத்தனை மாதமானாலும் சரி, வருஷமானாலும் சரி, காத்தமுத்து வெளியிலேயே நிற்கட்டும்.

என்றைக்காவது இந்தப் பக்கத்தில் அந்தக் கதவு திறந்திருந்தால், சகாயம் சிரித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் பெண்டாட்டியின் அண்ணனும்
உன் கதைகளுக்குப் படம் போட்டவனுமான
உன் மச்சான்,
அருளப்பன்